ஒரே ஒரு நாற்காலி போட்ட அறை

போன ஆயுத பூஜை வரை எங்கள் வீட்டின் முன்பக்க அறையில் மின்விசிறி ஓடக்கூடாது. ஏ.சி. ஓடக்கூடாது. சுவர்க்கடிகாரம் மாட்டக்கூடாது, அது டிக் டிக் என்று அடிக்குமாம். கள்ளக்குறிச்சியின் சித்திரை வெயிலைத் தெரிந்தவர்கள் இந்த விதிகளைக் கேட்டால், உள்ளே யாரையோ தண்டனைக்கு அடைத்து வைத்திருக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. என் வீட்டுக்காரர் உள்ளே பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். பனியன் நனைய நனைய, கண்ணை மூடிக்கொண்டு, மிகுந்த ஆனந்தத்தோடு.

அந்த அறை எனக்காகக் கட்டியது. நான் வக்கீல். குடும்ப வழக்குகள்தான் என்னிடம் அதிகம் வரும். ஜீவனாம்சம், விவாகரத்து, சேர்ந்தும் வாழ முடியவில்லை, பிரிந்தும் வாழ முடியவில்லை என்கிற வகையறா. வீடு கட்டியபோது, தெருவைப் பார்த்துத் தனி வாசல் வைத்து ஓர் அறை வேண்டும் என்று நானே கொத்தனாரிடம் நின்று சொன்னேன். என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர், எதைச் சொல்ல வந்தார்களோ அதைச் சொல்லாமல் வேறெதையோ சொல்லிவிட்டுப் போகிறவர்கள். கோர்ட்டு வராந்தாவில் பக்கத்தில் மாமனார் நிற்பார், அண்ணன் நிற்பார், சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர் ஒருவரும் நிற்பார். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால் அவர்கள் பேசுவார்கள் என்பது என் கணக்கு.

சுவரில் அடித்த பெயின்ட் காய்வதற்குள் வீட்டுக்காரர் டேப்போடு வந்தார். நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், ஏணி போட்டு உயரத்தையும் அளந்தார். பிறகு அறையின் நடுவில் நின்று கையைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். முகத்தில் பிள்ளை பிறந்த சந்தோஷம்.

"இன்னாங்க?" என்றேன்.

"இந்த மாதிரி அளவுல ரூம் அமையறது ரொம்ப கஷ்டம். சவுண்டுக்குன்னே கட்டுனா மாதிரி இருக்கு."

"ஆபீசுக்குன்னு கட்டுனது."

"ஆபீசு எங்க வேணா வச்சிக்கலாம். இத வுட்டா சவுண்டுக்கு வேற ரூம் கெடயாது."

நீளத்துக்கும் அகலத்துக்கும் பொருத்தம், அகலத்துக்கும் உயரத்துக்கும் பொருத்தம் என்று தாளில் எழுதிக் காட்டினார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் எனக்குக் கார் நிறுத்தும் போர்டிகோ ஒதுக்கப்பட்டது. ஒரு மேசை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், மழைச் சாரலுக்குத் தார்ப்பாய். கார் தெருவில் நின்றது. சட்டப் புத்தகங்கள் சமையலறை அலமாரியில், புளிப் பானைக்குப் பக்கத்தில் நின்றன. போர்டிகோவுக்கு நேர் எதிரே ஷேர் ஆட்டோ நிற்கும் இடம்; பக்கத்தில் மாவு மில். மில்லில் மிளகாய் அரைக்க வந்தவர்கள் தங்கள் முறை வரும்வரை என் கட்சிக்காரர்களின் குடும்பப் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சிலர் தீர்ப்பும் சொல்வார்கள். ஒருமுறை ஒரு பெண் கணவனைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, மில் வரிசையிலிருந்து ஒரு அம்மா, "அவன் அப்பனும் அப்டித்தான்" என்றாள். வந்த பெண் எழுந்து போய்விட்டாள்.

உள்ளேயோ, வெளிச்சத்தம் ஒரு துளியும் நுழையாதபடி எல்லாம் நடந்தது. சுவரெங்கும் பஞ்சு வைத்துத் துணி போர்த்திய பலகைகள். கதவு ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று, ஓரமெல்லாம் ரப்பர். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று. அப்புறம் பெட்டிகள் வந்தன. ஓர் ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு. இசைத்தட்டு ஓட்ட ஒரு பெட்டி, அதன் சத்தத்தைக் கொஞ்சம் பெரிதாக்க ஒரு பெட்டி, அதை இன்னும் பெரிதாக்க ஒரு பெட்டி, எல்லாவற்றுக்கும் கரண்டைச் சலித்துக் கொடுக்க ஒரு பெட்டி. மாவு மில் ஓடினால் கரண்டு அழுக்காகிவிடுகிறதாம். இத்தனை வருடம் அந்த அழுக்குக் கரண்டில் நான் இட்லி மாவு அரைத்து, சாப்பிட்டு, ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கிறேன். விலையை நான் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

கரண்டு கேபிள்கள் தரையில் படக்கூடாது என்று அவற்றுக்குக் குட்டிக் குட்டி மரத் தாங்கிகள் வைத்தார். தரையிலிருந்து என்ன வரும் என்று கேட்டேன். "அதிர்வு" என்றார். கேபிளை அத்தனை பத்திரமாகத் தூக்கி வைத்திருந்த வீட்டில், எனக்கு முட்டி வலி என்று சொல்லி ஒரு முக்காலி கேட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது.

கொல்லையில் அந்தப் பெட்டிகளின் எர்த்துக்குத் தனிக் குழி வெட்டினார். உப்பும் கரியும் போட்டு மூடி, தினமும் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். ஈரம் இருந்தால்தான் எர்த் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் குடிதண்ணீர் வராத வாரத்தில், மல்லிகைச் செடி வாடிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் குடத்தோடு போய் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்?

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் மூட்டியது நாற்காலிதான். அத்தனை பெரிய அறையில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில் ஓர் இடம் இருக்கிறதாம். அந்த இடத்தில் தலை இருந்தால்தான் பாடகர் நடுவில் நிற்பது கேட்குமாம். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் எல்லாம் போயிற்று. ஒருமுறை நானும் கேட்கிறேன் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். "நீ நின்னா உன் மேல பட்டு சவுண்டு திரும்புது" என்றார். கல்யாணமான புதிதில், பேருந்தில் ஒரே ஹெட்போனின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகக் காதில் வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்ட அதே மனிதர்தான். அன்று எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, வெளியே வந்து ஒரு ஜீவனாம்ச மனுவில் கணவன் தரப்பைக் கிழித்து எழுதினேன்.

இந்த ஆனந்தத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு, ஊரில் பல் டாக்டர். அவர் வீட்டிலும் இதே நோய். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். ஒருவர் நாற்காலியில் உட்கார, மற்றவர் சுவரோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். வெளியே வந்து காபி குடிக்கும்போது அவர்கள் பேசுவது தமிழ்தான், ஆனால் எனக்குப் புரியாது.

"பின்னணி நல்லா கருப்பா இருக்கு, கவனிச்சீங்களா?"

"ஆமா. ஆனா மேல கொஞ்சம் காத்து கம்மியா இருக்கு."

"கேபிள மாத்துனா காத்து ஜாஸ்தி ஆவும்."

ஃபேனைப் போட்டால் ஜாஸ்தி ஆகும் என்று சொல்ல நாக்கு துடிக்கும். காபியை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஏன் இதைச் செய்கிறார்கள் என்று நான் யோசித்திருக்கிறேன். பாட்டு மேல் பிரியம் என்று சொல்ல முடியாது. உள்ளே அவர் போடுவது எங்களில் யாருக்கும் தெரியாத மொழியில், காதோடு ரகசியம் சொல்வதுபோல் பாடும் ஒரு வெள்ளைக்கார அம்மாளை. பாட்டு பிடித்துப் போடுவதில்லை, பதிவு நன்றாக இருப்பதால் போடுகிறார். அந்த அம்மாள் பாடுவதற்கு முன் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கு உண்மையில் பிடித்த பழைய சினிமாப் பாட்டுகளையோ பக்கெட்டில் தண்ணீர் நிறையும் சத்தத்துக்கு நடுவே குளியலறையில் பாடுவார். அப்போது அவர் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் குரலில் நிஜமான சந்தோஷம் இருக்கும். அங்கே பின்னணி எந்த நிறமாக இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

பெருமைக்காகச் செய்கிறார் என்றும் சொல்ல முடியாது. கச்சிராயபாளையம் பக்கம் எங்களுக்குக் கரும்பு நிலம். பெருமைக்கு ஆசைப்படுகிறவர் வெள்ளைக் கார் வாங்கி, முன் கண்ணாடியில் ஏதாவது எழுதி வைப்பார். யாரும் நுழையக்கூடாத அறையில் யாருக்கும் கேட்காத சத்தத்தை வைத்து என்ன பெருமை அடிப்பது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெளியே இருக்கும்போது அவர் போன் ஓயாது. கரும்பு ஆலையிலிருந்து வெட்டு ஆர்டர் வரவில்லை, லாரி வரவில்லை, வெட்டுகிற ஆள் வரவில்லை, மோட்டார் காயில் போய்விட்டது, வாய்க்கால் தண்ணியை மேல்காட்டுக்காரன் திருப்பிக்கொண்டான். உள்ளே போகும்போது போனை என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். போன் அலை அடித்தால் ஸ்பீக்கர் உறுமுமாம். அந்தப் போன்களையும் நானே எடுப்பேன்.

போன கோடையில் பல் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. காதுக்கு உண்மையான அமைதி எப்படி இருக்கும் என்று மறந்துபோய்விட்டதாம், அதனால் கல்வராயன் மலைக்குப் போய் ஒரு நாள் கேட்டுவிட்டு வர வேண்டுமாம். சின்ன ஸ்பீக்கர்கள், சின்னப் பெட்டி, ஜீப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். வெள்ளிமலைக்கு மேலே தெரிந்தவர் ஒருவரின் காலி வீடு. மலையில் கரண்டு சுத்தமாக இருக்கும் என்று டாக்டர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. சுத்தமாக இல்லவே இல்லை. எப்போது வரும் என்று கேட்டதற்கு, பக்கத்து மரவள்ளிக் காட்டுக்காரர், "வர்றப்ப வரும்" என்று பொறுமையாகச் சொன்னார்.

கொண்டுபோன பேட்டரியில் ஓட்டினார்கள். ஓட்டுவதற்கு முன்பே ஊர் வாசலில் கூடிவிட்டது. ஜீப்பில் பெரிய பெட்டி வந்தால் கூடத்தானே செய்வார்கள். ஒரு பெரியவர், "இன்னா படம் போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளைக்கார அம்மாள் எச்சில் விழுங்கினாள். கோழி கத்தியது, பூச்சி கத்தியது, சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கோ கீழ் ஊரில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பள்ளத்தாக்கு முழுக்கப் பாடியது. அமைதி கேட்க வந்த இருவரும் அரை மணி நேரத்தில் பெட்டியை மூட்டை கட்டினார்கள். "மலையில சத்தம் ஜாஸ்தி" என்றார் டாக்டர். எனக்கு அந்த நாள் மிகவும் பிடித்திருந்தது.

அங்கேதான் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். கூட்டத்தோடு நிற்காமல், வேலி ஓரம் தனியாக நின்றாள். நான் வக்கீல் என்று பேச்சில் வந்ததும் என் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் வரவும் செய்தாள். அதற்குள் அவளுடைய அண்ணன் முன்னால் வந்து, "மேடம், நம்ம தங்கச்சி விஷயமா உங்கள வந்து பாக்கணும்" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சில வாரம் கழித்து இருவரும் போர்டிகோவுக்கு வந்தார்கள். அண்ணன் பேசினான். புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான், தங்கச்சியை இவன் தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான், விவாகரத்து வேண்டும், அவள் பங்கு நிலத்தையும் புருஷனிடமிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னான்.

"நீ சொல்லும்மா" என்றேன் அவளிடம்.

அவள் வாயைத் திறந்தாள். மில் வரிசை காதைத் திருப்பியது. ஆட்டோக்காரர் ஹாரனை நிறுத்தினார். அண்ணன் அவளுடைய நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணன் சொன்னதுதாம்மா" என்றாள்.

அடுத்த முறை வந்தபோதும் அதேதான். அடி வாங்கிய பெண்கள் அடியைப் பற்றிச் சொல்லும்போது அவர்கள் கை தானாக உடம்பில் ஓர் இடத்துக்குப் போகும். இவள் கை மடியை விட்டு அசையவில்லை. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால், "தனியா பேச இன்னா மேடம் இருக்குது? எங்க வூட்டுப் பொண்ணு" என்று சிரித்தான். வேறு வழியில்லாமல் மனுவைத் தயார் செய்தேன். கணவன் அடித்தான் என்று அதில் எழுதியிருந்தது. ஆயுத பூஜை கழிந்த வாரம் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கதவு வைத்த ஓர் அறை எனக்கு இருந்திருந்தால் என்று அன்று முழுக்க வயிறு எரிந்தது. உள்ளே வெள்ளைக்கார அம்மாள் யாரும் தொந்தரவு செய்யாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு நாத்தனார் கச்சிராயபாளையத்திலிருந்து வந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. பூஜை என்று வந்துவிட்டால் அவர் எதையும் விட மாட்டார். டிராக்டருக்கு, மோட்டார் ஸ்டார்ட்டருக்கு, காருக்கு, கிரைண்டருக்கு, ஃபிரிட்ஜுக்கு, என் சட்டப் புத்தகங்களுக்கு என்று சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்காரர் வாழைமரம் வாங்கச் சந்தைக்குப் போயிருந்த நேரம் முன்னறைக்குள்ளும் போனார். நான் சமையலறையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பீக்கரின் முகத்தில் கறுப்புத் துணிச் சட்டம் ஒன்று உண்டு. அதைக் கழற்றினால் பெரிய வட்டம் ஒன்று, அதற்கு மேலே எலுமிச்சை மூடி அளவுக்கு மெல்லிய துணியால் செய்த குமிழ் ஒன்று. மெல்லிய சத்தமெல்லாம் அந்தக் குமிழிலிருந்துதான் வரும். அதை யாரும் தொடக்கூடாது, ஊதக்கூடாது, எங்கள் வீட்டில் அதன் பக்கத்தில் யாரும் தும்மியதுகூட இல்லை. அண்ணி துணிச் சட்டத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். மனிதன் உயரத்துக்கு ஒன்று நிற்கிறது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு குமிழ் இருக்கிறது. வேறெங்கே பொட்டு வைப்பது? ஈரச் சந்தனத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, சட்டத்தைப் பழையபடி மாட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும்.

அன்று மாலை பல் டாக்டர் பொரி வாங்க வந்தார். அந்த வாரம்தான் புதுக் கேபிள் வந்திருந்தது. இருவரும் உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது இரண்டு முகங்களிலும் தரிசனம் கிடைத்த களை.

"கேபிள் வேலைய காட்டிடுச்சி" என்றார் டாக்டர். "முன்னாடி மேல கொஞ்சம் கூர்மையா இருந்துச்சில்ல? இப்ப பட்டு மாதிரி ஆயிடுச்சி."

"அந்தம்மா குரல்ல ஒரு பக்குவம் வந்திருக்கு" என்றார் வீட்டுக்காரர். "இவ்ளோ நாளா நாம கேட்டது இன்னா சவுண்டு?"

அண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான்தாண்டா தம்பி பொட்டு வச்சேன். ரெண்டுத்துக்கும் வச்சேன். நல்லா அமுத்தி வச்சேன், வுழாம இருக்கட்டும்னு."

"எங்க வச்சே?"

"நெத்தியிலதான்."

வீட்டுக்காரர் உள்ளே ஓடினார். நாங்கள் எல்லோரும் ஓடினோம். முதல்முறையாக அந்த அறையில் ஒரே நேரத்தில் நான்கு பேர். துணிச் சட்டத்தைக் கழற்றினார். குமிழ்கள் இரண்டும் உள்ளே அமுங்கி, சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் சிவப்பாக மங்களகரமாக இருந்தது. பல் டாக்டர் சுவரைப் பார்த்தார்.

"இன்னாடா, நல்லா இருக்குன்னுதான சொன்னீங்க?" என்றார் அண்ணி.

நான் கொல்லைக்குப் போய், எர்த் குழி பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு உள்ளே வந்தபோது அவர் அந்த நாற்காலியில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக் குமிழ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வர மாதங்கள் ஆகும் என்று பதில் வந்தது. அவர் அறையைச் சாத்தினார். நான் மறுநாள் காலையே திறந்தேன். கேட்டுத் திறக்கவில்லை. மின்விசிறியைப் போட்டேன். அது சுற்ற மறந்து கொஞ்சம் முனகிவிட்டு ஓடியது.

சொன்னபடி மலையிலிருந்து அண்ணனும் தங்கையும் வந்தார்கள். மனு மேசையில் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. "வாம்மா, உள்ள வந்து போடு" என்று அவளைக் கூப்பிட்டேன். அண்ணனும் கூடவே எழுந்தான்.

"நீங்க இங்கயே இருங்க. உள்ள ஒரு ஆளுக்குதான் எடம்."

"ஏன் மேடம்? நான் நின்னுக்கறேன்."

"நிக்கக் கூடாது. ரூம் அப்டி. நின்னா உங்க மேல பட்டுத் திரும்பும்."

என்ன திரும்பும் என்று அவனுக்குப் புரியவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். சுவரெல்லாம் பலகை, ஆள் உயரக் கறுப்புப் பெட்டிகள், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஏதோ சர்க்கார் ஏற்பாடு என்று நினைத்திருப்பான்போல, பின்வாங்கினான். நான் முதல் கதவைச் சாத்தினேன், இரண்டாவது கதவையும் சாத்தினேன். மாவு மில் சட்டென்று நின்றதுபோல் இருந்தது. அந்த அறையில் இருக்கும் அமைதியை நான் கவனித்ததே அன்றுதான். அதற்கு முன் அங்கே கோபமில்லாமல் நின்றதில்லை.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தரையில் நான் உட்கார்ந்தேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்காது" என்றேன். "கத்துனாலும் கேக்காது."

அவள் நம்பவில்லை. "அண்ணா" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, தொண்டை நரம்பு புடைக்க, "டேய் அண்ணா" என்று கத்தினாள். கதவு அசையவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள்.

அவளுடைய புருஷன் அவளை அடித்ததே இல்லை. அவள் பங்கு நிலம் அண்ணனுக்கு வேண்டும். அதை எழுதிக் கொடுக்கப் புருஷன் விடவில்லை. அதனால் ஒரு விசேஷத்துக்கு என்று அண்ணன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டுவிட்டான். போனையும் பிடுங்கிக்கொண்டான். அடித்தான் என்று சொல்லாவிட்டால் புருஷன் கையைக் காலை எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். "எங்கிட்ட யாருமே தனியா கேக்கலம்மா" என்றாள். சத்தம் குறைந்த குரல்தான், ஆனால் அந்த அறையில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. அவள் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. நான் எழுதிய மனுவை என் கையாலேயே நாலாகக் கிழித்தேன்.

புருஷன் கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான். என் போனில் அவனைப் பிடித்தோம். அவள் குரலைக் கேட்டதும், டவுன் பஸ்ஸில் உடனே வருவதாகச் சொன்னான். போலீசுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். அவன் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அது வரைக்கும் நான் இங்க சும்மா இருக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். "யாரும் கூப்புடாம."

மின்விசிறியை நிறுத்திவிடச் சொன்னாள். நிறுத்தினேன். அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெளியே வந்து இரண்டு கதவுகளையும் சாத்தினேன்.

போர்டிகோவில் அண்ணன் எழுந்து நின்றான். வீட்டுக்காரரும் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து, செருப்பை உதறிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து ஆச்சா மேடம்? மலை பஸ்சுக்கு நேரமாச்சி. வரச் சொல்லுங்க" என்றான் அண்ணன், கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"உள்ள யாரு?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்கிட்ட வந்தவங்க."

"பாட்டு கேக்கறாங்களா? அதான் ரிப்பேராச்சே."

"பாட்டு ஒண்ணும் இல்ல. சும்மா உக்காந்துக்கினு இருக்காங்க. யாரும் கூப்புடக் கூடாதாம்."

கட்சிக்காரர் உள்ளே சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அவர் சாத்திய கதவைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு, தான் அதில் உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்ச நேரம் ஆவும்" என்றார் அண்ணனிடம். "நீங்க அப்டி தள்ளி உக்காருங்க. அடுத்த பஸ்சு இருக்குது."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பேசியதில் எனக்கு மிகவும் பிடித்த வார்த்தைகள் அவைதான். அதற்காக அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.